பந்தியில் உட்கார்ந்தவர்கள்

“இனிமே நான் சாப்பிடப் போறதில்ல அம்மா.”

வெள்ளியம்பலம் இதைச் சொன்னபோது உலகம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கா?”

“என்னிக்குமே.”

“சரி அண்ணாச்சி” என்றார் அம்மாள். அடுத்த காயை எடுத்தார்.

குரு உலகம்மாளுக்கு வயது நாற்பது. சீடர் வெள்ளியம்பலத்துக்கு அறுபத்திரண்டு. உலகத்தில் அப்படியும் உண்டு. வெள்ளியம்பலம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணியடித்து ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஞானம் தேடி மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார். வந்து ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை வெண்டைக்காய் நறுக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மடத்தில் காவி கிடையாது, பிரசங்கம் கிடையாது. சட்டம் இரண்டே இரண்டு.

நடுப்பகலில் உலை இறங்கியதும் அம்மாள் வாசலுக்குப் போய், “பசியோட யாராவது இருக்கியளா?” என்று மூன்று தடவை கூப்பிடுவார். விறகு பொறுக்குகிறவர்கள் வருவார்கள், மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் வருவார்கள். வாசலுக்கு உள்ளே இருக்கிற கடைசி ஆளும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மாள் சாப்பிடுவார். இது முதல் சட்டம்.

பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பக் கூடாது. இது இரண்டாவது.

ஒருமுறை சமையல்கார ஆவுடையப்பனின் சைக்கிளைத் திருடியவனே வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டான். ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினான். மோர் குடித்து, கை கழுவி, ஏப்பம் விட்ட பிறகுதான் சட்டையைப் பிடித்தான்.

இப்போது வெள்ளியம்பலத்துக்கு அந்த இரண்டாவது சட்டத்தின் மேல்தான் கோபம்.

நேற்று நடந்தது இது.

மரத்திலிருந்து விழுந்த ஒரு மைனாக் குஞ்சை அவர் எடுத்து வளர்த்தார். எடுக்கும்போது அதற்கு ஒரு இறகுகூட இல்லை, வெறும் வாய்தான். மணி என்று பேர் வைத்தார். இருபத்திரண்டு நாள் அவர் தோள்தான் அதற்குக் கிளை. நேற்றுக் காலையில் அது முதல்முதலாகத் தோளிலிருந்து கிணற்றுத் தூணுக்குப் பறந்தது. வெள்ளியம்பலம் கைதட்டினார். கைதட்டி முடிக்கவில்லை, மருத மரத்திலிருந்து வல்லூறு வந்துவிட்டது.

முற்றத்துச் சுவரில் காலடியில் அதை வைத்துக்கொண்டு வல்லூறு கொத்தியது. வெள்ளியம்பலம் கல்லை எடுத்தார். அம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கல்லைக் கீழ போடுங்க அண்ணாச்சி.”

“அது என் மணி அம்மா!”

“தெரியும். இனி அது வராது. இது சாப்பிட்டுக்கிட்டிருக்கு.”

கல்லைப் போட்டார். கிணற்றடியில் போய் உட்கார்ந்து, மனைவிக்குக்கூட அப்படி அழாத மனுஷன், துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அதுவும் அவருக்கு ஆறவில்லை.

அதனால்தான் இன்று வந்து நிற்கிறார்.

“ஒண்ணை ஒண்ணு திங்கதுதான் உலகம்னா, அந்தப் பந்தியே எனக்கு வேண்டாம். நான் எந்திரிக்கேன்.”

“எழுப்பத்தான் கூடாது. தானா எந்திரிக்கலாம்” என்றார் அம்மாள். பிறகு கேட்டார்: “மணி என்ன சாப்பிட்டுது அண்ணாச்சி?”

“வெட்டுக்கிளி.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“இருபது, இருபத்தஞ்சு. மேலயும் இருக்கும். பசி தாங்காது அதுக்கு.”

“ஆரு பிடிச்சா?”

“நான்தான். விடியவும் புல்லுக்குள்ள போயிருவேன். பின்னங்காலைக் கிள்ளிப் போட்டுட்டுத்தான் கொடுப்பேன். இல்லேன்னா தொண்டையில குத்தும்லா?”

சொல்லிவிட்டு வெள்ளியம்பலம் தன் விரல்களைப் பார்த்தார். அம்மாள் வெண்டைக்காயைப் பார்த்தார்.

“அதுக்குத்தான் சொல்லுதேன்” என்றார் வெள்ளியம்பலம், இன்னும் கோபமாக. “நான் கொல்லுததும் வேண்டாம், வல்லூறு கொல்லுததும் வேண்டாம். யாரையும் திங்காம இருக்கப் போறேன்.”

*

அன்று நடுப்பகலில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள். ஆவுடையப்பன் அம்மாளுக்கு இலை போட வந்தான்.

“இலையை எடு. அண்ணாச்சி இன்னும் சாப்பிடல.”

வெள்ளியம்பலம் பதறிப்போனார். “என்னைக் கணக்குல சேக்காதீங்க அம்மா.”

“வாசலுக்கு உள்ளதானே இருக்கிய.”

“அப்ப நான் வெளிய போயிருதேன்.”

“வெளிய நின்னா கூப்பிடுவேனே.”

வெள்ளியம்பலம் தூணோடு தூணாக நின்றார்.

“ஒண்ணு செய்யலாம்” என்றார் அம்மாள். “யாரையும் திங்காத ஒரு உயிரை எனக்குக் காட்டுங்க. அது எப்படி இருக்கோ அப்படியே நீங்களும் இருந்துக்கிடுங்க. அதுக்கப்புறம் உங்களைச் சேக்காமலே நான் சாப்பிடுதேன்.”

“இவ்வளவு பெரிய உலகத்துல அப்படி ஒண்ணு இல்லாமலா போயிரும்?”

“எனக்கும் தெரிஞ்சுக்கிடணும் அண்ணாச்சி. போய்ப் பாருங்க.”

அவர் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் குரல் அது. அம்மாளின் குணமே அதுதான்.

வாசலில் ஆவுடையப்பன் வழிமறித்தான்.

“வேய், அம்மாவுக்கு வயித்துல புண்ணு இருக்குன்னு தெரியும்லா? வேளை தவறக் கூடாதுன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. சீக்கிரம் கண்டுபிடியும். இல்ல, ரெண்டு வாய் சோத்தைத் தின்னுத் தொலையும்.”

வெள்ளியம்பலம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

*

முதலில் மடத்துப் பசு கோமதியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாதுவென்றால் அதுபோல் ஒரு சாது கிடையாது.

“நாய்க்குட்டியைக்கூட முட்டாது அம்மா.”

“அதுக்குத் தினமும் ரெண்டு கட்டுப் புல்லு அறுத்துப் போடுதேனே” என்றான் ஆவுடையப்பன். “புல்லுக்கு உயிர் இல்லையாக்கும்?”

வெள்ளியம்பலம் கோமதியைத் திருப்பிக் கூட்டிப்போனார்.

வண்ணத்துப்பூச்சி வந்தது. துண்டுக்குள் மூடி, றெக்கை கசங்காமல் கொண்டுவந்தார். “பூவுக்கும் நோகாமத் தேன் குடிக்கு.”

“இதோட பிள்ளைப்பருவம் எனக்குத் தெரியும்” என்றான் ஆவுடையப்பன். “என் கறிவேப்பிலைக் கன்றை மொட்டையடிச்ச புழு இதுதான்.”

அம்மாள் வண்ணத்துப்பூச்சியை வாங்கி விரலில் ஏற்றி, அது பறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி மாறியிருக்கு பாத்தியளா?” என்றார். அன்று பொழுது அப்படிப் போயிற்று. அம்மாள் தண்ணீர் குடித்தார். வெள்ளியம்பலமும் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் அவர் கண்ணில் சாணிவண்டு பட்டது. தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வெள்ளியம்பலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உருண்டையோடு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார்.

“கிடைச்சுட்டு அம்மா! இது யாரையும் கொல்லல. மத்தவங்க வேண்டாம்னு விட்டதைத் திங்கு.”

ஆவுடையப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டான். “அப்படியே இருக்கப் போறீரா வேய்? நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கிடுதேன்.”

அம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து உருண்டையை உற்றுப் பார்த்தார். அதில் செரிக்காத புல் இழைகள் தெரிந்தன.

“கொல்லலதான். ஆனா பந்தியில உக்காந்திருக்கு அண்ணாச்சி. கோமதிக்கு அடுத்த பந்தி.”

பிற்பகலில் மண்புழுவைத் தேடிப் போனார். ஈரமண் எங்கே கிடைக்கும்? மருத மரத்தடியில். அங்கே போக அவருக்குக் கால் வரவில்லை. ஆனாலும் அம்மாள் அடுப்படித் தூணில் சாய்ந்து வயிற்றில் கையை அழுத்திக்கொண்டிருந்ததைக் காலையில் பார்த்திருந்தார். போனார்.

மண்ணைக் கிளறினார். மண்புழு வந்தது. கூடவே மக்கிய இலை வந்தது, ஓர் எலியின் தாடை எலும்பு வந்தது, வண்டு ஓடுகள் வந்தன. ஓரத்தில் எறும்புகள் எதையோ இழுத்துக்கொண்டு போயின. பழுப்பு இறகு. நடுவில் மைனாவின் வெள்ளைத் திட்டு.

வெள்ளியம்பலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேலே கிளையில் இருந்த வல்லூறின் கூட்டில் சத்தம் கேட்டது. அண்ணாந்தார். வல்லூறு எதையோ கொண்டுவந்து கிளையில் இறங்கியது. கூட்டின் விளிம்பில் மூன்று வாய்கள் திறந்தன. மணி அவர் விரலைப் பார்த்ததும் எப்படித் திறக்குமோ அப்படியே திறந்தன. மன்னிக்க மனசு வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கண்ணைத் தாழ்த்தியபோது காலடியில் புல் தெரிந்தது. ஆனி மாதச் சாரல் பட்டுப் பச்சைப் பசேலென்று நின்றது. வாய் இல்லை, பல் இல்லை, நகம் இல்லை.

அட, இதை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடினேனே!

எழுந்து ஓடினார். தலை கிறுகிறுத்தது. இரண்டு இடத்தில் விழப்பார்த்தார்.

“புல்லு அம்மா! வெயிலைக் குடிக்கு, தண்ணியைக் குடிக்கு. வேற ஒண்ணையும் தொடல!”

அம்மாள் குனிந்து முற்றத்துப் புல்லைத் தடவிப் பார்த்தார்.

“சரியாத்தான் படுது” என்றார். “அப்ப நாளையிலிருந்து புல்லா இருங்க.”

“நீங்க சாப்பிடுவியளா?”

“நீங்க நல்லா வேர் பிடியுங்க. பாப்போம்.”

*

மூன்றாம் நாள் விடிந்ததும் வெள்ளியம்பலம் முற்றத்துப் புல்லில் போய் நின்றார். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார். சூரியன் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

மலைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

“என்ன வேண்டுதல்?”

“அவரு புல்லு” என்றான் ஆவுடையப்பன். “மிதிச்சிராமப் போங்க.”

கோமதி வந்தது. புல்லை மேய்ந்துகொண்டே நகர்ந்து அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் போட்டுக்கொண்டது. வெள்ளியம்பலம் வெடுக்கென்று இழுத்தார்.

“புல்லு அப்படி இழுக்குமா அண்ணாச்சி?” என்று நடையிலிருந்து அம்மாளின் குரல் வந்தது.

விட்டுவிட்டார். கோமதி பாதித் துண்டை நிதானமாக மென்றது. மீதியை ஆவுடையப்பன் ஓடிவந்து பிடுங்கினான்.

அம்மாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலடியில் ஊற்றினார். திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கூடை மண்ணைச் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். முகம் வெளுத்திருந்தது. கூடையைக் கவிழ்த்து, அவர் பாதத்தைச் சுற்றி மண்ணைக் கையால் அணைத்துவிட்டார்.

“இது என்ன அம்மா?”

“சாப்பாடு. வெறும் வெயிலும் தண்ணியும் போதுமா புல்லுக்கு?”

“எங்க எடுத்திய?”

“மருத மரத்தடியில. அங்கதான் புல்லு செழிப்பா இருக்கு.”

வெள்ளியம்பலம் குனிந்து பார்த்தார். மக்கிய இலை. வல்லூறின் எச்சம். எலும்புத் துணுக்கு. வண்டின் ஓடு. வலது பெருவிரல் பக்கத்தில், பழுப்பில் வெள்ளைத் திட்டு.

விரித்த கை தானாகக் கீழே இறங்கியது.

அந்தப் புல்லைத்தான் வெட்டுக்கிளி தின்றது. அந்த வெட்டுக்கிளியைத்தான் அவர் பிடித்தார்.

அம்மாள் மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். எழும்போது நிலை தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டார். வெள்ளியம்பலம் அதைப் பார்த்தார். புல்லும் கைவிட்டுப் போன பிறகு அவரிடம் காட்ட ஓர் உயிர் பாக்கி இல்லை.

சாரல் தூறியது. உலை இறங்கிய சத்தம் கேட்டது. அம்மாள் வாசலுக்குப் போனார்.

“பசியோட யாராவது இருக்கியளா?”

குரல் மெலிந்திருந்தது. மலைக்குப் போகிறவர்கள் நாலு பேர் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள்.

வெள்ளியம்பலத்தின் இடது கணுக்காலில் சில்லென்று ஏதோ பட்டது. பார்த்தார். அட்டை. ஈரப் புல்லிலிருந்து ஏறியிருந்தது. நூல் கனம்தான் இருக்கும். தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தேடியது. அதற்குக் கண் தெரிகிறதா என்பதுகூடச் சந்தேகம்தான். ஆனாலும் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. ஒட்டிக்கொண்டது.

வலிக்கவில்லை. அவர் கை அதைப் பிடுங்கக் கீழே போனது.

“பசியோட யாராவது இருக்கியளா?”

இரண்டாவது தடவை. கை பாதியில் நின்றது. அட்டை மெல்ல மெல்லப் பருத்தது. நூலாக இருந்தது கயிறாயிற்று. மூன்று நாளாக ஒரு பருக்கை உள்ளே போகாத உடம்பு. இதிலிருந்து என்ன கிடைக்கிறது இதற்கு? கிடைக்கத்தான் செய்கிறது. ஆவுடையப்பன் முன்பு வடித்த சோறும், தாளித்த வெண்டைக்காயும் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன போலும். அவருக்கு விசித்திரமாக இருந்தது. இருபத்திரண்டு நாள் ஊட்டியவருக்கு, ஊட்டுவது எப்படி இருக்கும் என்று மறந்து போயிருந்தது.

மருத மரத்தில் வல்லூறு கத்தியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்லைத் தேடவில்லை.

வாசலில் அம்மாள் தெருவைப் பார்த்தபடி நின்றார். தெருவில் யாரும் இல்லை. மூன்றாவது தடவைக்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

“பசியோட யாராவது இருக்கியளா?”

“இருக்கேன் அம்மா” என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “இங்கன ஒருத்தன் இருக்கேன்.”

அம்மாள் திரும்பினார். வெள்ளியம்பலம் மண்ணிலிருந்து காலை மெதுவாக எடுத்து, அடிமேல் அடி வைத்து வந்து பந்தியின் கோடியில் உட்கார்ந்தார். வலது காலை மடக்கினார். இடது காலை மட்டும் அலுங்காமல் நீட்டி வைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டினி வயிற்றுக்குச் சோறு ஆகாது என்று குழையக் காய்ச்சிய கஞ்சியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தான். அப்போதுதான் காலைப் பார்த்தான்.

“ஏ வேய்! அட்டை! நாவப்பழம் கணக்கா உப்பிக் கிடக்கு!”

உள்ளே ஓடினான். சுண்ணாம்பு டப்பாவோடு வந்தான். விரலில் சுண்ணாம்பைத் தொட்டுக் குனிந்தான்.

வெள்ளியம்பலம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விடும் வேய். பந்தியில உக்காந்ததைப் பாதியில எழுப்பக் கூடாது.”

ஆவுடையப்பன் அவரைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். ஒருவழியாக நிமிர்ந்து, அம்மாளுக்கு ஓர் இலையை எடுத்து உதறினான்.

“அண்ணாச்சிதான் சாப்பிட ஆரம்பிச்சுட்டாருல்லா. மூணு நாள் பட்டினி. அவரு குடிச்சு முடிக்கவும் நீங்க உக்காருங்க அம்மா.”

உலகம்மாள் தூணோரம் வந்து உட்கார்ந்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, வெள்ளியம்பலத்தின் கணுக்காலை ஆசையாகப் பார்த்தார்.

“அதுவும் எந்திரிக்கட்டும், ஆவுடையப்பா.”